மூலையில் மட்டும் மஞ்சள்

நம் வயதுக்காரர்களைக் கேட்கிறேன். கையால் செய்த வாழ்த்து அட்டை ஒன்றைக் கடைசியாக யாருக்குக் கொடுத்தீர்கள்? காதோரம் முதல் நரை எட்டிப்பார்க்கும் இந்தப் பருவத்தில் அது நினைவுக்கு வருவது கஷ்டம்தான். ஆனால் ஏதோ ஒரு பொங்கலுக்கு நீங்களும் ஓர் அட்டை செய்திருப்பீர்கள். இரண்டு கரும்பு, நடுவில் பானை, மேலே சூரியன்.

நானும் செய்தேன். என் அட்டையில் சூரியன் மட்டும்தான் சரியாக இருந்தது. கரும்புத் தோகை செம்மண் நிறம், பானை நல்ல பச்சை. வகுப்பே சிரித்தது. டிராயிங் சார் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "தொரைக்கி எங்க ஊரு கரும்பு பிடிக்கல போலருக்கு, வேற நாட்டுக் கரும்பு வரைஞ்சிருக்காரு" என்றார். பிறகு ஸ்கேலால் இரண்டு அடி.

அப்போது நான் கடலூர் முதுநகரில் எட்டாம் வகுப்பு. கிரேயானைச் சுற்றியிருக்கும் காகித உறையில் நிறத்தின் பெயர் இருக்கும் அல்லவா, அதைப் படித்துத்தான் எல்லோரும் நிறம் தீட்டுகிறார்கள் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் உறைகள் கிழிந்துபோயின. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைச் சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்பதே எனக்குத் தெரியாதே.

அப்பா ஒயர்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் வேலைக்கு அழைத்துப்போவார். ஏணிமேல் நின்றுகொண்டு பச்சை ஒயரைக் கேட்டவரிடம் ஒருநாள் சிவப்பை நீட்டினேன். இறங்கிவந்து ஓர் அறை விட்டார். "உசுரு போற வேலடா இது. விளையாட்டா உனக்கு?" அதற்கடுத்த வாரம்தான் டிராயிங் சார் அவரைப் பள்ளிக்கு வரச்சொன்னார். இரண்டு புகாரும் சேர்ந்து ஒரு தீர்ப்பானது: பையனுக்குக் கொழுப்பு. கோடை விடுமுறை முழுக்க அவன் சிதம்பரத்தில் மாமா கடையில் இருக்கட்டும், நாலு வேலை செய்தால் திமிர் அடங்கும்.

அது இரண்டாயிரத்து நாலாம் வருஷக் கோடை.

மாமா, அம்மாவின் அண்ணன். பல்கலைக்கழகத்துக்குப் போகிற சாலையில் பைண்டிங் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஏப்ரல், மே மாதங்களில் மாணவர்கள் ப்ராஜெக்டையும் தீசிஸையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நான் தண்டனை அனுபவிக்கப் போனவன். போன இரண்டாம் நாளே அது தண்டனை இல்லை என்று தெரிந்துவிட்டது.

அந்தக் கடையின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பின்கட்டில் அத்தை மைதா மாவில் பசை காய்ச்சுவார். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் விழும். கட்டிங் மிஷினின் சக்கரத்தை மாமா சுற்றினால் கத்தி இறங்கி, கட்டுத் தாளின் ஓரத்தைக் "கர்ர்ரக்" என்று சீவும். சீவிய துண்டுகள் சுருள் சுருளாகக் கீழே விழும். அவற்றைக் கூட்டி அள்ளுவதுதான் எனக்கு முதல் வேலை.

எல்லாம் அலுவலகக் காகிதம். வெள்ளைத் தாள், கிரீம் நிறத்தில் உள்தாள், பிரவுன் ஷீட், அட்டையின் சாம்பல், கொஞ்சம் கறுப்பு. மாமா பெண் அவற்றுக்கு "அழுகாச்சி கலரு" என்று பெயர் வைத்திருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். அந்த வீட்டின் நிஜமான முதலாளி அவள்தான்.

"டேய், இதுல என்னாடா பாத்துக்கினு ஒக்காந்துருக்க? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு."

எனக்கு ஒரே மாதிரி இல்லை. வெள்ளை என்று அவள் சொன்ன குவியலில் நான் நான்கு வெள்ளை பார்த்தேன். ஒன்று சுண்ணாம்பு போல. ஒன்று ஆறிய பால் போல. ஒன்றில் நீலம் லேசாக ஓடியது. இன்னொன்று பழைய பல். பிரித்துப் பிரித்து அடுக்கினேன். பள்ளியில் எந்த நாளும் கிடைக்காத ஒரு நிம்மதி அதில் இருந்தது. தப்பு வராத வேலை. மாமா வேலையை நிறுத்திவிட்டு வந்து என் அடுக்குகளைப் பார்த்தார். பழைய பல் அடுக்கில் இருந்து ஒரு துண்டை எடுத்து ஆறிய பாலில் வைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினார். அவர் செய்தது சரி.

சித்தியும் அந்த வீட்டில்தான் இருந்தாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தங்கை. நர்சரிப் பள்ளியில் டீச்சர். அந்த மே மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து, தங்க நிறத்தில் பிள்ளையார், ஓரமெல்லாம் மினுமினுப்பு. ஒருநாள் மத்தியானம் என் அடுக்குகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கூட ட்ரெயினிங் படிச்சவளுவ இருவத்தஞ்சி பேரு இருக்காளுங்க. அவளுங்களுக்கு மட்டும் தனியா ஒரு கார்டு வேணும். நீங்க ரெண்டு பேரும் செஞ்சி தர்றீங்களா?"

மாமா பெண் துள்ளினாள். "ஜிகினா ஒட்டலாம் அத்த! ரோஸ், வயலட்டு..."

"ஐயோ வேணாண்டி. நாளெல்லாம் அந்த இஸ்கூல்ல ஜிகினாவத்தான் பாத்துக்கினு இருக்கேன். கண்ணு கூசாம ஒண்ணு செய்யுங்க. இதோ, இவன் அடுக்கி வச்சிருக்கானே, இது மாதிரி."

என் வாழ்க்கையில் நான் செய்த ஒன்றைக் காட்டி இன்னொருவர் "இது மாதிரி" என்று சொன்னது அதுவே முதல் தடவை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டதாக அத்தை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் அட்டை படுதோல்வி. சாம்பல் அட்டையில் கிரீம் தாளை ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளையை ஒட்டினேன். தனியாக இருந்தபோது வெண்ணெய் போல இருந்த கிரீம், வெள்ளைக்குப் பக்கத்தில் வந்ததும் துவைக்காத வேட்டி போல ஆகிவிட்டது. கிழித்தேன். மறுபடி ஒட்டினேன். மூன்று நாள் இந்தக் கூத்துதான். பிறகு தற்செயலாக ஒரு பிரவுன் ஷீட் கீற்று நடுவில் விழுந்தது. இரண்டு பேர் சண்டையில் நடுவே பெரியவர் ஒருவர் போய் உட்கார்ந்தது போல, வெள்ளை வெள்ளையாகவும் கிரீம் கிரீமாகவும் அடங்கின. பிரவுன் ஷீட்டைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தால் ஓரத்தில் மெல்லிய பஞ்சு தெரியும் என்பதையும், கறுப்பை நூல் அகலத்துக்கு மேல் வைத்தால் அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

மாமா பெண் மடிப்பாள், அழுத்துவாள், திட்டுவாள். ஒரு மூங்கில் பட்டை வைத்திருந்தாள். மடிப்பில் அதை ஓட்டினால் விளிம்பு கத்தி போல நிற்கும். என்ன நிறத்துக்குப் பக்கத்தில் என்ன நிறம் என்பது மட்டும் என் அதிகாரம். ஒருநாள் நான் செய்த அட்டையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அழுகாச்சிக்கு நடுவுல ரோஸ வச்சிட்டியேடா! உன் சித்திக்கி ஐஸா?" நான் வைத்தது சாம்பல். எங்கிருந்தோ வந்து குவியலில் கலந்த வெளிர் ரோஸ் தாள் என்று அவள் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. மாமாவிடம் காட்டினேன். அவர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "சாம்பல்தான?" என்றார். அப்பனும் மருமகனும் சேர்ந்து தன்னைக் கிண்டல் செய்கிறோம் என்று அவள் முறைத்துக்கொண்டு போனாள்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வீட்டைக் கழுவி ஒட்டடை அடித்தார்கள். மாமா பெண் கடையையும் விடவில்லை. ரேக்கில் இருந்த, மேலட்டைக்கான ரெக்ஸின் ரோல்களை எல்லாம் இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, அழகாக மாற்றி அடுக்கினாள். ஒவ்வொரு ரோலின் உள்பக்கத்திலும் மாமா பென்சிலில் எழுதி ஒட்டியிருந்த துண்டுச்சீட்டுகள் ஈரத்தில் ஊறி உதிர்ந்தன. குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டாள்.

மறுநாள் மாமா என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, அரக்கு ரோல எடுத்தா." நான் எடுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்தார், தலையாட்டினார், வெட்டினார். ஒரு தீசிஸின் ஐந்து பிரதிகளுக்கும் மேலட்டை போட்டு முடித்தார். மதியம், தீசிஸ் கொடுத்திருந்த ஆராய்ச்சி மாணவி திட்டக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்.

"அண்ணா, எங்க டிபார்ட்மென்ட்டுக்கு அரக்குதான் போடணும்னு சொன்னேனே. பச்ச போட்டுருக்கீங்க?"

"அரக்குதாம்மா போட்டுருக்கேன்."

"விளையாடாதீங்கண்ணா. நாளைக்கிக் காலையில சப்மிஷன்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம். "மாப்ள, இது என்னா கலரு?"

"அரக்கு மாமா," என்றேன்.

அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து கேலி செய்கிறோம் என்று நினைத்திருப்பார். சத்தம் கேட்டு மாமா பெண் உள்ளேயிருந்து வந்தாள். மேலட்டையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரேக்கிலிருந்து இரண்டு ரோல்களை உருவிக் கீழே போட்டாள்.

"அப்பா, இதுல எதுப்பா பச்ச?"

மாமா இரண்டு ரோல்களின் உள்பக்கத்திலும் சீட்டைத் தேடிவிட்டு ஒன்றைத் தொட்டார்.

"நீ சொல்லுடா."

நானும் அதையே தொட்டேன். என்னைப் பார்த்துச் சிரிக்கக் கிடைத்த எந்தச் சந்தர்ப்பத்தையும் விடாதவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் தெரியல," என்றாள் மெதுவாக. "நெஜமாவே தெரியல."

பசைச் சட்டியோடு அத்தை வாசற்படியில் நின்றிருந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"அப்ப, தல தீவாளிக்கி நா சிவப்பு கேட்டேன், பச்சையா எடுத்தாந்தீங்களே..."

"சிவப்புனு நெனச்சித்தான் எடுத்தாந்தேன்."

"கடக்காரன்கிட்ட கேக்கறதுதான?"

"என்னான்னு கேக்கறது? ஏம்பா இது சிவப்பான்னா?"

"அதுக்கப்பறம் எத்தினி பொடவ! பதினாறு வருஷமா நா சொல்றத நீங்க காதுலயே வாங்கறதில்லன்னு நெனச்சிக்கினு இருந்தேனே."

அத்தை சட்டியைக் கீழே வைத்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்ணைத் துடைத்தபோது கன்னமெல்லாம் பசை. மாமா அதைத் துடைத்துவிடப் போய், அவர் கையிலும் பசை இருந்ததால் இன்னும் அதிகமாகப் பூசிவிட்டார்.

"அண்ணா," என்றார் அந்த ஆராய்ச்சி அக்கா, "இதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். என் தீசிஸு!"

எல்லோரும் உட்கார்ந்தோம். பச்சையை உரித்தோம். மாமா பெண் ரோலை எடுத்துத் தர, மாமா வெட்ட, அத்தை பசை தடவ, சாயங்காலம் கடைசிப் பிரதிக்கு மேலட்டை போட்டபோது அந்த அக்காவே எங்களுக்கு டீ வாங்கிவந்து கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு அம்மா வந்தாள். தோளில் தொங்கிய பையைக்கூடக் கீழே வைக்காமல் கல்யாணச் சாமான்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், மேஜைமேல் என் இருபத்தைந்து அட்டைகளைக் கண்டாள். ஒன்றை எடுத்தாள். சாம்பல், பிரவுன், கிரீம், நூல் அகலத்துக்குக் கறுப்பு.

"யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

மாமா பெண் கையிலிருந்த மூங்கில் பட்டையைக் கீழே வைத்தாள்.

"கல்யாண வூட்ல கருமாதிப் பத்திரிக செஞ்சி அடுக்கி வச்சிருக்கீங்களே! இவன் வேலையா இது? திமிரு அடங்கட்டும்னு அனுப்புனா இங்கயும் வந்து..."

"அக்கா, நாந்தான் கேட்டேன்," என்றாள் சித்தி.

"நீ கேட்ப. மாப்ள வூட்டுக்காரங்க கண்ணுல பட்டா என்னா நெனப்பாங்க?" அம்மா அட்டைகளை அள்ளிக் கட்டத் தொடங்கினாள். சித்தியின் முகம் சுருங்கிப்போனது. கல்யாணப் பெண் முகம் அப்படிச் சுருங்கக் கூடாது என்று எனக்கே தோன்றியது. நான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஸ்கேல் அடிக்கு அழாதவன் நான்.

அத்தை ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து எடுத்துவந்தார். மீதியிருந்த அச்சடித்த பத்திரிகைகளுக்குத் தடவ அன்று காலையிலேயே எடுத்துவைத்திருந்தது. "வை இங்க," என்றார் அம்மாவிடம். "மஞ்ச தடவாத பத்திரிக எந்த வூட்ல இருக்கு? அச்சடிச்சதுக்கும் தடவத்தான போறோம்?"

மோதிர விரலைக் குழைத்த மஞ்சளில் தொட்டு, அட்டையின் நான்கு மூலையிலும் தடவினார்.

அச்சடித்த மஞ்சள் பத்திரிகையில் மஞ்சள் தடவினால் தெரியாது. சாம்பலில் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. நான்கு மூலையிலும் நான்கு விளக்கு ஏற்றிய மாதிரி. நடுவில் இருந்த கிரீம் தாள்கூட வெளிச்சம் பட்டதுபோல் மாறிவிட்டது. மஞ்சள் எனக்கு எப்போதும் தெரியும். அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்ததை, அவர்கள் பார்த்த அதே விதத்தில், நானும் பார்த்தேன்.

அம்மா அந்த அட்டையைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். உட்கார்ந்து, இரண்டாவது அட்டையை எடுத்து, தானே மஞ்சளில் விரலைத் தொட்டாள். "அண்ணி, நீங்க ஒரு மூலையில ஜாஸ்தியா வச்சிட்டீங்க," என்றாள்.

மஞ்சள் தடவிக்கொண்டே அத்தை கண் சமாசாரத்தைச் சொன்னார், மாமாவுக்கும் எனக்கும் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தெரியும் என்று. அம்மாவின் விரல் நின்றுவிட்டது. மாமாவைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த ரயில்வே வேல..."

"ம்."

"வேணாம்னு ஒதறிட்டு வந்தேன்னு சொன்னியே. அப்பா உன்னோட ரெண்டு வருஷம் பேசலியே."

"ஒதறலம்மா. மெடிக்கல்ல டாக்டரு ஒரு பொஸ்தகத்த விரிச்சி, புள்ளி புள்ளியா இருக்குது பாரு, உள்ள என்னா நம்பருன்னு கேட்டாரு. நம்பரே இல்ல சார்னேன். அடுத்த பக்கம் காட்டுனாரு. அதுலயும் இல்லன்னேன். போய்ட்டு வாப்பான்னுட்டாரு. வூட்ல வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சி."

"வெக்கப்பட என்னா இருக்கு? திமிரு புடிச்சவன்னு பேரு வாங்கறதுக்கு இது மேலு இல்லியா?"

"அப்ப அப்படித் தோணல," என்றார் மாமா.

அம்மா என்னை அருகில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். மீதமிருந்த அட்டைகளுக்கெல்லாம் என் விரலைப் பிடித்து மஞ்சளில் தொட்டு அவளே தடவினாள்.

கல்யாணத்துக்குச் சித்தியின் தோழிகள் அத்தனை பேரும் வந்தார்கள். குமராட்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருந்து, "இத யாருடி செஞ்சா?" என்று மேடையிலேயே கேட்டாள். சித்தி மாலையும் கழுத்துமாக என்னைக் கைகாட்டினாள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த நான் சாம்பாரை யார் வேட்டியிலோ ஊற்றிவிட்டேன். அந்த இருபத்தைந்தில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. யாரிடமாவது இருக்குமா என்றும் தெரியாது.

அப்பா கல்யாணத்தன்று காலையில்தான் வந்தார். அம்மா அவரைத் தனியே அழைத்துப்போய் நிறைய நேரம் பேசியதைப் பார்த்தேன். அன்று முழுக்க அவர் என் பக்கம் வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் கடலூருக்கு பஸ் ஏறினோம். அம்மா மறுவீடு முடித்து வருவதாக இருந்தாள்.

ஜன்னலோரத்தில் என்னை உட்காரவைத்தார். பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற இடம் வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குனிந்து, ரகசியம் கேட்பது போலக் கேட்டார்.

"அதோ அந்த லாரி என்னா கலரு?"

சொன்னேன். அவர் புருவம் மேலே போனது.

"அந்தம்மா பொடவ?"

சொன்னேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா கவலைப்படவில்லை. சவுக்குத் தோப்பு, பெட்டிக்கடைப் பலகை, மாடு, தண்ணீர் லாரி, கட்சிக் கொடி. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். சில சரி, பல தப்பு. தப்பாகச் சொன்னபோதெல்லாம் சின்னப் பிள்ளை போல ஆச்சரியப்பட்டுத் தொடையில் தட்டிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவோடு அப்படிச் சிரித்த பயணம் அதற்கு முன் இல்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் தன் சட்டையின் முனையைப் பிடித்து நீட்டினார். கல்யாணத்துக்கென்று எடுத்த புதுச் சட்டை.

"இது?"

நான் தொட்டுப் பார்த்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பினேன். "சந்தனம்னு நெனப்பீங்க. சந்தனம் இல்லப்பா. சந்தனத்துக்கும் கிரீமுக்கும் நடுவுல. பட்டன் வச்ச பட்டி மட்டும் வேற துணி. அதுல லேசா சாம்பல் ஓடுது."

அப்பா சட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பட்டியையும் உடம்புத் துணியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியலியே," என்றார்.

அப்புறம் சட்டையை விட்டுவிட்டு என் தலையில் கையை வைத்தார். கடலூர் வந்து இறங்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.